செல்லி என்ற பெயரில்

செவிலிமேட்டிலிருந்து டவுன் பஸ்ஸில் வேலைக்குப் போகும்போது செல்லியின் வலைப்பதிவைப் படிப்பது ஜோதிகாவின் வழக்கம். செல்லி யார், எந்தத் தெரு, எத்தனை வயது என்று யாருக்கும் தெரியாது. 'செல்லி பேசுறேன்' என்று தலைப்பு. முகம் இருக்க வேண்டிய இடத்தில் ஒரு கறுத்த கையின் படம். காஞ்சிபுரத்துக்காரி, சேரியில் பிறந்தவள், கறுப்பி. தன்னைப் பற்றி அவள் சொன்னது அவ்வளவுதான். ஆனால் எழுத்தில் அனல் பறக்கும். அமெரிக்காவில் கறுப்பர்கள் பட்டதையும் இங்கே காலனி சனங்கள் படுவதையும் ஒரே மூச்சில் எழுதுவாள். இனம் வேறு, சாதி வேறு, ரெண்டையும் போட்டுக் குழப்பாதே என்று வேறு பதிவர்கள் சண்டைக்கு வருவார்கள். செல்லி ஒருவரையும் விடமாட்டாள். அந்தச் சண்டைகளைப் படிக்கும்போது ஜோதிகாவுக்கு யாரோ தனக்காக மல்லுக்கு நிற்பதுபோல் இருக்கும்.

பெரிய காஞ்சிபுரத்தில் ஒரு தனியார் ஸ்கேன் சென்டரில் ஜோதிகா எக்ஸ்ரே எடுக்கிறவள். அங்கே ரிப்போர்ட் அடிக்கிற இளவரசி அவளுடைய சிநேகிதி. இளவரசி தறிக்காரர் வீட்டுப் பெண். அண்ணன் ஆனந்தகுமார் இன்னும் வீட்டிலேயே பட்டு நெய்துகொண்டிருந்தான். மதியம் இரண்டு பேரும் ஒன்றாகத்தான் சாப்பிடுவார்கள். செல்லியின் பதிவுகளை ஜோதிகா அவளுக்கும் அனுப்பிவைப்பாள். "நல்லாத்தான் எழுதுது அந்தப் பொண்ணு" என்பாள் இளவரசி, சாப்பாட்டு டப்பாவைத் திறந்துகொண்டே.

ஆடி மாதத்தில் ஒரு காலை, செல்லி 'மஞ்சள் தண்ணீர்' என்று ஒரு பதிவு போட்டிருந்தாள். பஸ்ஸில் கம்பியைப் பிடித்தபடி படிக்க ஆரம்பித்த ஜோதிகா இரண்டாவது பத்தியை இன்னொரு தடவை படித்தாள்.

'என் அம்மா கல்யாணத்துக்கு முன்னால் ஒரு தறிக்காரர் வீட்டில் ஊடை நூலைத் தார்க்குச்சியில் சுற்றுகிற வேலை பார்த்தாள். அந்த வீட்டுத் தறியில் அவள் விரல் படாத பட்டே கிடையாது. ஒருநாள், நெய்து முடித்து மடித்துவைத்திருந்த வெண்பட்டு ஒன்றை, அரக்குக் கரை போட்டது, எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டு பீரோ கண்ணாடியில் பார்த்தாள். வீட்டுக்கார அம்மா பார்த்துவிட்டாள். ஓடிப்போய்ச் செம்பில் மஞ்சளைக் கரைத்துக் கொண்டுவந்து புடவைமேல் தெளித்தாள். வெண்பட்டெல்லாம் மஞ்சள் திட்டு. இனிமேல் இதை எவள் வாங்குவாள், நீயே எடுத்துக்கொண்டு போ என்று காலடியில் விட்டெறிந்தாள்.'

அது ஜோதிகாவின் அம்மாவுக்கு நடந்தது. கங்கையம்மாளுக்கு. ஒரு வார்த்தை கூடக் குறையவில்லை. கடைசி வரி மட்டும் வேறு. 'என் அம்மா குனிந்து, இரண்டு கையாலும் அதை வாங்கிக்கொண்டாள். அதைக் கட்டிக்கொண்டுதான் கல்யாண மணையில் உட்கார்ந்தாள்' என்று எழுதியிருந்தாள் செல்லி. நடந்தது அப்படியில்லை. கங்கையம்மாள் அந்தப் புடவையைத் தொடவே இல்லை. அதைத் தாண்டி நடந்து வெளியே வந்தவள், அந்த வீட்டுக்கு மறுபடி போகவும் இல்லை.

இறங்கவேண்டிய நிறுத்தம் தாண்டிப் போய்விட்டது. வெயிலில் திரும்பி நடந்துவரும்போது ஜோதிகாவின் மனசு ஒரே கணக்கைத்தான் போட்டுக்கொண்டிருந்தது. சர்ச்சில் நடக்கிற கல்யாணங்களுக்குக்கூட ஏன் பட்டு கட்டுவதில்லை என்று அவள் நச்சரித்தபோது அம்மா ஒரே ஒருமுறை சொன்ன விஷயம் அது. யாரிடமும் சொல்லாதே என்று சொல்லித்தான் சொன்னாள். ஜோதிகாவும் ஒருத்தியிடம்தான் சொன்னாள். பெண் பார்க்க வந்தவர்கள் நிறம் போதாது என்று சொல்லிவிட்டுப் போன மறுநாள், இளவரசி எக்ஸ்ரே அறையில் உட்கார்ந்து தேம்பித் தேம்பி அழுதாள். அவளைத் தேற்றப்போய், வாய்க்கு வந்த ஆறுதல் எதுவும் ஒட்டாமல், கடைசியில் அம்மாவின் கதையைச் சொன்னாள்.

உள்ளே நுழைந்ததும் நேராக ரிப்போர்ட் அறைக்குப் போனாள்.

"செல்லி இன்னிக்கு எழுதினத படிச்சியா?"

"இல்லப்பா, வந்ததுலேர்ந்து ஒரே வேல. இன்னா எழுதியிருக்குது?"

"எங்கம்மாவைப் பத்தி எழுதியிருக்குது."

விசைப்பலகையில் இளவரசியின் விரல் நின்றது. பிறகு மறுபடி அடிக்க ஆரம்பித்தாள். "உங்கம்மா மாதிரி எத்தினியோ பேரு இருப்பாங்க, ஜோதி."

"வெண்பட்டு, அரக்குக் கரை, கண்ணாடி வெச்ச பீரோ. எத்தினி பேருக்கு அப்படியே நடந்திருக்கும்?"

"நான் யாருகிட்டனா வாய் தவறிச் சொல்லியிருப்பேன். அது கைமாறி அவ காதுக்குப் போயிருக்கும். மன்னிச்சுக்கப்பா."

"யாருகிட்ட சொன்ன?"

"ஞாபகம் இல்லியே."

அவள் முகத்தைப் பார்த்தபோது ஜோதிகாவுக்குச் சந்தேகம் வந்தது. ஆனாலும் நம்பிவிடத்தான் ஆசைப்பட்டாள். அன்று சாயங்காலம் தன் சொந்தப் பெயரிலேயே செல்லியின் பதிவுக்குக் கீழே எழுதினாள். 'இது என் அம்மாவுக்கு நடந்தது. அவர் அந்தப் புடவையை வாங்கவில்லை. தயவுசெய்து இதை எடுத்துவிடுங்கள்.'

செல்லி உடனே பதில் போட்டாள். 'தோழி, நம் அம்மாக்கள் எல்லோருக்கும் ஒரே கதைதான். உங்கள் அம்மா வாங்காமல் வந்திருந்தால் சந்தோஷம். என் அம்மா வாங்கினாள்.'

அந்தப் பதிலுக்குக் கீழே இதயங்கள் குவிந்தன. பிறகு சனம் ஜோதிகாவின் பக்கம் திரும்பியது.

முதலில் வந்தவர் கூரத்துக்காரர் ராமராஜன். பல வருஷமாக வலைப்பதிவு எழுதிப் பெயர் வாங்கியவர். ஜோதிகாவின் சாதிதான், ஆனால் இந்து. அவளுடைய இணையப் பக்கத்தில் இருந்த கிறிஸ்துமஸ் படங்களைத் தோண்டி எடுத்து, தன் வலைப்பதிவில் தனியாகவே ஒரு கட்டுரை எழுதிவிட்டார். 'சிலுவையின் நிழலில் ஒதுங்கிக்கொண்டவர்களுக்கு எங்கள் காயத்தில் பங்கு கேட்க என்ன உரிமை?' அதற்குக் கீழே ஒருவன், வெள்ளைக்காரன் சாமியைக் கும்பிடுகிறவள் கறுப்பு இனத்தின் கதைக்குச் சொந்தம் கொண்டாடுகிறாள் பார் என்று எழுதினான். எவ்வளவு கொடுத்தார்கள் என்று கேட்டான் இன்னொருவன். இது போதாதென்று, நெசவாளர் பெருமை பேசுகிற பதிவர்கள் செல்லியையும் ஜோதிகாவையும் ஒரே கயிற்றில் கட்டி அடித்தார்கள். எங்கள் குலத்தின்மேல் சேறு அடிக்க இரண்டு பேரும் சேர்ந்து போடுகிற நாடகம் என்றார்கள்.

ஜோதிகா சும்மா இருந்திருக்கலாம். இருக்க முடியவில்லை. ஒவ்வொருவனுக்கும் பதில் எழுதினாள். அந்த வீட்டில் வேலை பார்த்தபோது என் அம்மாவுக்கு ஞானஸ்நானமே ஆகவில்லை, கல்யாணத்துக்கு அப்புறம்தான் சர்ச்சுக்குப் போனாள் என்று எழுதினாள். 'அப்படியானால் உன் சாதிச் சான்றிதழைப் போடு பார்ப்போம்' என்றார்கள். ஆத்திரத்தில் படம் எடுத்துப் போட்டாள். கிறிஸ்தவராக மாறிய ஆதிதிராவிடர், பிற்படுத்தப்பட்ட வகுப்பு என்று அதில் இருந்தது. கொண்டாட்டமாகிவிட்டது அவர்களுக்கு. பி.சி.யாம், பி.சி.க்காரி வந்து சேரிக் கதையைத் தன் கதை என்கிறாள் என்று அதையே படமாகப் பரப்பினார்கள். மதம் மாறினால் சட்டம் அப்படித்தான் எழுதும், தெரு மாறிவிடாது என்று அவள் எழுதியதை ஒருவரும் சட்டை செய்யவில்லை. சொந்தச் சனமே தன்னைத் துரத்துவதைப் பார்த்து அவள் போனைக் கவிழ்த்து வைத்தாள்.

மறுநாள் மதியம் ஒரு நோயாளியின் ரிப்போர்ட்டைக் கேட்க அவள் ரிப்போர்ட் அறைக்குப் போனாள். இளவரசி செம்பில் தண்ணீர் பிடிக்க வெளியே போயிருந்தாள். கணினித் திரை திறந்தே இருந்தது. 'தோழி ஜோதிகா, உங்கள் கோபம் எனக்குப் புரிகிறது, ஆனால்' என்று ஒரு பதில் பாதியில் நின்றது. மேலே, எழுதுகிறவர் பெயர்: செல்லி.

இளவரசி வாசலில் வந்து நின்றாள். ஜோதிகா திரையைப் பார்ப்பதை அவளும் பார்த்தாள்.

"நீதானா?"

"கத்தாத. உள்ள டாக்டர் இருக்காரு." செம்பை வைத்துவிட்டுக் கதவைச் சாத்தினாள். "எல்லாம் சொல்றேன், கொஞ்சம் கேளு."

"இத்தினி நாளா நானே உனக்கு அனுப்பிக்கினு இருந்தேனே. நல்லாத்தான் எழுதுதுன்னு எங்கிட்டயே சொன்னியேடி."

"எம் பேர்ல எழுதினா எங்க தெருவுல நான் குடியிருக்க முடியுமா? எங்கண்ணன் தோல உரிச்சிருவான்."

"அதுக்காக எங்க தோலை எடுத்துப் போட்டுக்குவியா?"

இளவரசியின் கண் கலங்கியது. ஆனால் குரல் இறங்கவில்லை. "நானும் கறுப்புதான் ஜோதி. சின்ன வயசுலேர்ந்து எங்க வீட்ல எனக்குக் கரிச்சட்டின்னுதான் பேரு. எத்தினி பேரு வந்து பாத்துட்டுப் போயிட்டாங்க, உனக்குத் தெரியாதா? அந்த வலி நெஜந்தான? அதத்தான் எழுதினேன்."

"உன்னைக் கறுப்புன்னு வேணாம்னாங்க. அவங்க எழுந்து போன அப்புறம் நீ ஒக்காந்த பாய்மேல யாருனா மஞ்சத்தண்ணி தெளிச்சாங்களா?"

இளவரசி திரையை அணைக்கப் போனாள்.

"சொல்லு. தெளிச்சாங்களா?"

"நீ எழுதியிருப்பியா?" என்று சீறினாள் இளவரசி. "என்னிக்கினா எழுதியிருப்பியா நீ? உள்ளயே வெச்சிக்கினு செத்துப் போயிருப்பீங்க ரெண்டு பேரும். நான் எழுதினேன், ஊரே படிச்சி அழுதுது."

"சரி. எங்கம்மாவை எதுக்குக் குனிய வெச்ச? நான் சொன்னப்போ அவங்க வாங்கலன்னுதான சொன்னேன்?"

"அது... அப்படி இருந்தாத்தான் படிக்கிறவங்களுக்கு மனசு உருகும்."

ஜோதிகாவுக்கு அவளை அறையவேண்டும்போல் கை பரபரத்தது. பக்கத்திலிருந்த நாற்காலியின் முதுகைப் பிடித்துக்கொண்டாள். "இன்னிக்கே எழுது. நான் செல்லி இல்ல, தறிக்காரங்க வீட்டுப் பொண்ணு, இது என் கதை இல்லன்னு எழுது."

"முடியாது."

"அப்ப நான் எழுதறேன்."

"எழுதிக்கோ. எவன் நம்புவான்? இப்பவே உன்னைப் பொய்க்காரின்னுதான் சொல்லிக்கினு இருக்காங்க."

ஆனால் பயம் அவளுக்கும் இருந்தது. அன்று வீட்டுக்குப் போனதும் ஜோதிகாவுக்கு வாட்ஸ்அப்பில் குரல் செய்தி ஒன்று அனுப்பினாள். "ஜோதி, அந்தப் பதிவுல கடைசிய மாத்திடறேன்ப்பா. உங்கம்மா வாங்கலன்னே போட்டுடறேன். செல்லி நான்தான்னு மட்டும் யாருக்கும் சொல்லிடாத. உன் கால்ல விழறேன்." ஜோதிகா பதில் சொல்லவில்லை. அழிக்கவும் இல்லை. அப்போதும்கூட, மூன்றாம் மனிதர் காதுக்கு அதைக் கொண்டுபோகும் எண்ணம் அவளுக்கு உறுதியாக இல்லை.

ஞாயிற்றுக்கிழமைதான் அது உறுதியானது. ஆராதனை முடிந்து வெளியே வரும்போது சபைப் பெண்கள் ஒரு போனைச் சுற்றி நின்றார்கள். யாரோ செல்லியின் பதிவை உருக்கமாகப் படித்து, பின்னால் இசை சேர்த்து வீடியோவாகப் போட்டிருந்தார்கள். கங்கையம்மாளும் எட்டிப் பார்த்தாள். கடைசிவரை கேட்டாள். முக்காட்டை இழுத்து விட்டுக்கொண்டு வீட்டுக்கு நடந்தாள்.

ஜோதிகா பின்னாலேயே ஓடினாள். வீட்டுக்குள் போனதும் அம்மா திரும்பினாள்.

"யாருகிட்ட சொன்ன?"

"அம்மா..."

"யாருகிட்டன்னு கேக்கறேன்."

"இளவரசிகிட்ட."

"நம்ம வீட்ல வந்து கறிசோறு துன்னுட்டுப் போனாளே, அவளா?"

"அவதாம்மா. அவதான் பொய்ப் பேரு வெச்சிக்கினு எழுதியிருக்கா. நான் அவளை விடமாட்டேன்."

"அவ திருடினா. நீ இன்னா பண்ண? பூட்டைத் தொறந்து எடுத்துக் குடுத்தவ நீதான?" கங்கையம்மாளின் குரல் உயரவே இல்லை. அதுதான் ஜோதிகாவைச் சுட்டது. "தாலி கட்டின ஆம்பளைகிட்டகூட நான் அத்த சொல்லல. உன்கிட்ட சொன்னேன்."

"தப்புதாம்மா."

"நான் வாங்கல, ஜோதி. எத்தினியோ பேரு வாயில எத்தினியோ வாங்கிக்கினு வந்தவதான் நான். அந்த ஒரு நாளு மட்டும் வாங்கல. அதையும் எடுத்துட்டாளே."

சொல்லிவிட்டு அடுப்படிக்குப் போய்விட்டாள். அதற்கப்புறம் மகளிடம் பேசவில்லை. தட்டில் சோற்றைப் போட்டு வைப்பாள், கூப்பிடமாட்டாள்.

ஜோதிகா அன்றைக்கே எழுதினாள். செல்லி என்பவள் பெரிய காஞ்சிபுரத்து நெசவாளர் வீட்டுப் பெண் இளவரசி என்று பெயரைப் போட்டாள். அந்தக் குரல் செய்தியையும் கூடவே ஏற்றினாள். விரலால் அழுத்தும்போது ஒரு கணம்கூடத் தயங்கவில்லை.

அதற்குப் பிறகு நடந்ததற்கு வேகம் என்றால் அப்படி ஒரு வேகம். ராமராஜன் பழைய கட்டுரையைச் சத்தமில்லாமல் அழித்துவிட்டு, 'ஏமாற்றப்பட்டோம்' என்று புதிதாக ஒன்று எழுதினார். ஜோதிகாவிடம் மன்னிப்பு என்று ஒரு சொல் அதில் இல்லை. இளவரசியின் படத்தை எங்கிருந்தோ பிடித்தார்கள். தெருப் பெயரைப் போட்டார்கள். கறுப்பு எங்கள் பெருமை என்று செல்லிக்குக் கீழே எழுதிய அதே ஆட்கள், 'இந்த மூஞ்சிக்குச் செல்லி வேஷம் ஒன்றுதான் பொருந்தும்', 'அடுப்புக்கரி' என்று இளவரசியின் படத்துக்குக் கீழே எழுதினார்கள். ஜோதிகா முதலில் அதை ஆசை தீரப் படித்தாள். வயிற்றெரிச்சல் கொஞ்சம் அடங்கியது. நூறு தாண்டியபோது வாய் கசந்தது. ஆனாலும் தன் பதிவை அவள் எடுக்கவில்லை. இவர்களில் யாருக்கும், ஜோதிகா உட்பட, இளவரசியின்மேல் இரக்கம் காட்ட மனசில்லை.

மறுநாள் இளவரசி வேலைக்கு வரவில்லை. அவள் அண்ணன் ஆனந்தகுமார் வந்தான். நோயாளிகள் வரிசையாக உட்கார்ந்திருந்த கூடத்தில் நின்று கத்தினான்.

"யாருடி ஜோதிகா? வயசுப் பொண்ணு பேரை ஊரெல்லாம் நாறடிச்சிட்டியே, இனிமே அதை எவன் கட்டுவான்? தெருவுல தலை காட்ட முடியல எங்களால."

"அத உன் தங்கச்சிகிட்ட கேளு."

"அது ஏதோ கிறுக்கிச்சு. உனக்கு எங்க போச்சு புத்தி? ஒண்ணா சோறு துன்னவதான நீ?" பிறகு அவன் வாயிலிருந்து அந்த வார்த்தை வந்தது. "உங்களையெல்லாம் உள்ள விட்டதே தப்பு."

ஜோதிகா எக்ஸ்ரே அறை வாசலிலிருந்து அவன் எதிரில் வந்து நின்றாள்.

"யாரு யாரை உள்ள விட்டது? கதவத் தட்டாம எங்க வீட்டுக்குள்ள பூந்தது உன் தங்கச்சி. போ, போய் அவகிட்ட கேளு."

டாக்டர் வெளியே வந்து அவனை அனுப்பிவைத்தார். பிறகு ஜோதிகாவைக் கூப்பிட்டு, இந்த மாதிரி சண்டையெல்லாம் வாசலுக்கு வந்தால் நல்லதில்லை என்று அவளுக்கும் ஒரு எச்சரிக்கை கொடுத்தார். இளவரசியின் இடத்தில் வேறு பெண் வந்தாள். செல்லியின் வலைப்பதிவு மொத்தமும் காணாமல் போயிற்று.

அந்த வாரமே ராமராஜன் போன் செய்தார். குரலில் தேன் ஒழுகியது. "ஒரு கூட்டம் போடறோம்மா. போலிக் குரல்களுக்கு எதிரா. நீங்க வந்து அம்மா கதையை உங்க வாயால சொல்லணும். அசல் குரல் கேக்கணும் சனங்களுக்கு."

"போன வாரம் நான் வெள்ளைக்காரன் சாமியைக் கும்பிடறவளா இருந்தேனே சார்."

"நான் அப்படி எழுதலியேம்மா. அது கீழ யாரோ எழுதினது."

"நீங்க எழுதினதும் எங்கிட்ட இருக்குது. அழிச்சிட்டா போயிடுமா? இனிமே எனக்குப் போன் பண்ணாதீங்க."

கங்கையம்மாள் மகளிடம் மறுபடி பேசியது ஒரு சாயங்காலம், கொடியிலிருந்து துணி எடுக்கும்போது. "அது போயிட்டுதா?" என்று திரும்பாமலே கேட்டாள்.

"அவ மொத்தத்தையும் அழிச்சிட்டாம்மா. ஆனா அந்த வீடியோ இருக்குது. நிறைய பேரு எடுத்து வெச்சிக்கினு இருக்காங்க."

"அதுல நான் வாங்கிக்கிறேனா?"

"ஆமாம்மா. நான் எழுதட்டுமா? நடந்தத நடந்தபடி?"

"வேணாம். நீ வாயே தொறக்காத." துணிகளை மார்போடு அணைத்துக்கொண்டு உள்ளே போனாள். போகிறபோக்கில், "சோறு ஆறிப்போவுது, வா" என்றாள்.

கார்த்திகை மாதம் ஒரு மதியம், பழைய செல்லி ஆட்கள் யாரோ பரிகாசமாகப் பகிர்ந்திருந்த ஒரு சுட்டி ஜோதிகாவின் கண்ணில் பட்டது. இளவரசி தன் சொந்தப் பெயரில், தன் படத்தையும் போட்டு, ஒரே ஒரு பதிவு எழுதியிருந்தாள். தன் வீட்டில் யார் யாரை எந்த வாசலோடு நிறுத்திவைப்பார்கள், யாருக்கு எந்தப் பாத்திரத்தில் தண்ணீர் கொடுப்பார்கள், அதைத் தானே தன் கையால் எத்தனை தடவை கொடுத்திருக்கிறாள் என்று எழுதியிருந்தாள். யாருடைய கதையையும் எடுக்கவில்லை. கீழே அவள் தெருக்காரர்கள், குலத்தைக் காட்டிக்கொடுத்தவள் என்று காறித் துப்பியிருந்தார்கள். அவளுக்காக ஒருத்தரும் பேசவில்லை.

ஜோதிகா கடைசி வரிவரை படித்தாள். நன்றாகத்தான் எழுதியிருந்தாள். அதுதான் அவளுக்கு இன்னும் எரிந்தது. இதை முதலிலேயே எழுதியிருந்தால் என்னடி என்று வாய்விட்டே சொன்னாள். புதிதாக வந்த பெண் திரும்பிப் பார்த்தாள். ஜோதிகா ஒன்றுமில்லை என்று தலையாட்டினாள். பிறகு போனில் இளவரசியின் எண்ணைத் தேடி எடுத்து அழித்தாள். அவ்வளவு நடந்தும் அதை அழிக்காமலே வைத்திருந்தது அப்போதுதான் அவளுக்கே உறைத்தது.